என் உடம்புக்குள் ஏழுமலை

பல் தேய்க்கும்போது ஈறில் இரத்தம் வந்தது. பிரஷ் பழசாகிவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்கினேன். அடுத்த சில நாட்களில் தொடையிலும் முழங்கைக்கு மேலும் நீலம் பாரித்த திட்டுகள் தெரிந்தன. வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். பீரோவில் எங்காவது இடித்துக்கொண்டிருப்பேன் என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. நாற்பதை நெருங்கும் பெண்களுக்கு இரத்தம் கம்மியாகத்தான் இருக்கும், இரும்புச்சத்து மாத்திரை போதும் என்று பக்கத்து மேசைக்காரர்கள் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

காய்ச்சல் விடாமல் அடித்தபிறகுதான் டவுனில் இரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். மாலையில் வந்து ரிசல்ட் வாங்கிக்கொள்ளச் சொன்னவர்கள் மதியமே போன் செய்தார்கள். லேப்காரர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. "வீட்ல சார் இருந்தா குடுங்கம்மா" என்றார். என் கணவர் சிவக்குமார் போனை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"இன்னாங்க சொன்னாங்க?"

"வெள்ளை அணு ரொம்ப ஜாஸ்தியா இருக்காம் வசந்தி. மெட்ராஸ் போய்க் காட்டச் சொல்றாங்க. இன்னைக்கே."

அப்படித்தான் ஆரம்பித்தது. இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. அந்த நாட்களில் எனக்கு என்ன நடக்கிறது என்று தெளிவாகச் சொல்ல, அதே வழியில் போய் வந்தவர் யாரும் பக்கத்தில் இல்லை. இனி போகிறவர்களுக்கு ஒருத்தியாவது இருக்கட்டும். இன்னொரு காரணம் என் தம்பி ஏழுமலை. அவனைப் பற்றி யாராவது எழுத வேண்டும். அவனே எழுத மாட்டான்.

சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனை. இடுப்பெலும்பின் பின்பக்கம் மரத்துப்போக ஊசி போட்டு, தடித்த ஊசியால் உள்ளே இருக்கும் மஜ்ஜையை உறிஞ்சி எடுத்தார்கள். குத்தும்போது வலி அவ்வளவு இல்லை. உறிஞ்சும் அந்த நொடியில் உயிரையே கால் வழியாக இழுப்பது போல இருந்தது. மறுநாள் டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துப் பேசினார். ஐம்பது வயதிருக்கும். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர். அவரிடம் எனக்கு முதலில் பயமும் பிறகு பெரிய மரியாதையும் வந்தது அதனால்தான்.

எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் இரத்தம் உற்பத்தியாகிறது. அங்கே வளர்ந்து முடியாத அரைகுறைச் செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகி, நல்ல செல்களுக்கு இடமில்லாமல் செய்துவிட்டன. அதுதான் இரத்தப் புற்றுநோய். கீமோ கொடுத்தால் அடங்கும். ஆனால் எனக்கு வந்திருக்கும் வகை திரும்பி வரக்கூடியது. அடங்கியிருக்கும் நேரத்திலேயே என் மஜ்ஜையை முழுவதும் அழித்துவிட்டு, வேறொருவரின் மஜ்ஜைச் செல்களை வைக்க வேண்டும்.

"கூடப் பொறந்தவங்க எத்தனை பேர்?" என்று கேட்டார்.

"ஒரு தம்பி."

"பொருந்தறதுக்கு நாலுல ஒரு பங்குதான் வாய்ப்பு. பாத்துடலாம்."

ஏழுமலைக்கு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையில் டிபன் கடை. அவனும் அவன் மனைவி செல்வியும்தான் கடை. இட்லியைவிட அவன் அரைக்கும் காரச் சட்னிக்குத்தான் ஆள் வரும். பௌர்ணமி வந்தால் மத்தியானம் மூட்டிய அடுப்பு மறுநாள் காலைவரை அணையாது. நல்ல உடல்வாகு, ஊருக்கே கேட்கும் குரல். ஆனால் ஊசி என்றால் மட்டும் பயம். நாய் கடித்தபோது ஊசிக்கு அவனைப் பிடித்துக்கொள்ள மூன்று பேர் வேண்டியிருந்தது. அப்போது அவனுக்குக் கல்யாணமே ஆகியிருந்தது.

என் கீமோ முடிந்து, தலை மொட்டையாகி, நோய் அடங்கியிருக்கிறது என்று சொன்ன வாரத்தில் அவனுடைய ரிசல்ட்டும் வந்தது. எனக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்துவிட்டது. போனில் கத்தினான்.

"அக்கா, முழுசா பொருந்திடுச்சாம்! நா சொன்னேன் இல்ல?"

அவன் எதுவும் சொல்லியிருக்கவில்லை. நானும் அதைச் சொல்லவில்லை.

இந்தக் காலத்தில் பெரும்பாலும் தானம் கொடுப்பவரின் எலும்பைத் துளைப்பதில்லை. சில நாட்கள் தொடர்ந்து ஊசி போட்டு, மஜ்ஜைச் செல்களை இரத்தத்துக்குள் வரவழைக்கிறார்கள். பிறகு ஒரு கையிலிருந்து இரத்தத்தை எடுத்து, இயந்திரத்தில் அந்தச் செல்களைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை இன்னொரு கை வழியாகத் திருப்பி அனுப்புகிறார்கள். ஏழுமலை ஊசிக்கு உட்காரும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வானாம். நர்ஸ் ஜெசிந்தா சிரிஞ்சின் உறையைப் பிரிப்பதற்குள், "போட்டுட்டீங்களா சிஸ்டர்?" என்பானாம். கடைசி ஊசி நாளில் எலும்பெல்லாம் குடைந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நான் இருந்த தனி அறையின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று கையசைத்தான். "வலிக்குதாடா?" என்று போனில் கேட்டேன். "மாவாட்டின மாதிரி கீதுக்கா" என்றான்.

இயந்திரத்தின் பக்கத்தில் அவன் அரை நாளுக்கு மேல் படுத்திருந்தான். இரண்டு கையையும் மடக்கக் கூடாது. அவனுக்கு மூக்கு அரித்தது. சிவக்குமார்தான் சொறிந்துவிட்டார். "மச்சான், இன்னும் கொஞ்சம் இடது பக்கம்" என்று அவன் அதிகாரம் செய்ததையும், அந்த அறையே சிரித்ததையும் ஜெசிந்தா வந்து எனக்குச் சொன்னார். சாயங்காலம் அவனுடைய செல்கள் ஒரு பையில் வந்தன. "தக்காளி ரசம் மாதிரி இருந்துச்சு" என்று அவன் பிறகு சொன்னான். நான் பார்த்தபோதும் அப்படித்தான் இருந்தது. சாதாரணமாக இரத்தம் ஏற்றுவது போலவே, என் கழுத்துப் பக்கத்துக் குழாய் வழியாக அது இறங்கியது. பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஜெசிந்தா பையின் மேல் கையை வைத்து ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டார். எந்தச் சாமியைக் கும்பிட்டாரோ, எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அதற்கு முன் கொடுத்த கடும் கீமோவால் வாயும் தொண்டையும் புண்ணாகி, எச்சில் விழுங்க முடியாமல் கிடந்தேன். பிறகு ஒரு காலை இரத்த அணுக்கள் ஏறத் தொடங்கின. தம்பியின் செல்கள் என் எலும்புக்குள் போய் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்துவிட்டன. டாக்டரம்மா முதல்முறையாகச் சிரித்தார்.

"உங்க ரத்தத்தை டெஸ்ட் பண்ணிப் பாத்தோம். இப்ப இருக்கறது பூரா ஆம்பளை செல்."

பக்கத்தில் நின்ற ஏழுமலை கவலையோடு கேட்டான். "அப்போ எங்க அக்காவுக்கு மீசை வருமா டாக்டர்?"

மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு ஓர் அறை எடுத்துத் தங்கினோம். சில மாதங்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பது விதி. ஏழுமலை கடைக்குத் திரும்பினான். எங்கள் மகள் யாழினி என் மாமியாரோடு வேங்கிக்காலில் இருந்து பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தோம். உண்மையில் பெரிய பாடு அதற்குப் பிறகுதான் இருந்தது.

ஒரு நாள் உள்ளங்கை அரித்தது. பார்த்தால் சிவந்திருந்தது. காது மடல், பாதம் என்று பரவியது. சென்னை வெயில் என்று நினைத்தேன். டாக்டரம்மா என் உள்ளங்கையை அழுத்திப் பார்த்தார், காதைத் திருப்பிப் பார்த்தார். "வயிறு எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டார். அன்று காலைதான் வயிற்றுப்போக்கு தொடங்கியிருந்தது. வந்த உடுப்போடு வார்டில் சேர்த்துவிட்டார்கள்.

அந்த நோயின் பெயரைச் சுருக்கி ஜி.வி.ஹெச்.டி. என்பார்கள். டாக்டரம்மா விளக்கியதை அப்படியே சொல்கிறேன். "மத்த உறுப்பு மாத்தினா, உடம்பு புது உறுப்பை ஏத்துக்காம அடிக்கும். இங்க அதுக்குத் தலைகீழ். நாங்க உங்களுக்கு வெச்சதே எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கற செல். அது உங்க தம்பியோட உடம்புல பழகினது. உங்க தோல், குடல், ஈரல் எல்லாம் அதுக்கு வேத்து ஆளு. அதனால அடிக்குது."

"முழுசா பொருந்திடுச்சுன்னு சொன்னீங்களே?"

"பெரிய பொருத்தம் எல்லாம் பாத்தோம். சின்னச் சின்ன வித்தியாசம் எந்த ரெண்டு பேருக்கும் இருக்கும்மா."

தோலில் கொஞ்சம் வெட்டி எடுத்துப் பார்த்தார்கள். குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார்கள். சந்தேகம் தீர்ந்தது. ஸ்டீராய்டு மருந்தை அதிக அளவில் ஏற்றினார்கள். தோல் கொஞ்சம் அடங்கியது. குடல் அடங்கவில்லை. பச்சைத் தண்ணீராகப் போனது. எவ்வளவு போகிறது என்று அளக்க வேண்டும் என்பதால் எல்லாவற்றையும் பாத்திரத்தில் பிடித்தார்கள். அந்த வேலையைச் சிவக்குமாரும் செய்தார். முதல் தடவை நான் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதேன். "நீ யாழினிக்குச் செய்யலியா?" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. மாத்திரை விழுங்க ஒரு மடக்குத் தண்ணீரைத் தவிர வாய் வழியாக எதுவும் கொடுக்கவில்லை. உணவும் குழாயில்தான் இறங்கியது.

ஊரிலிருந்து ஏழுமலை வந்தான். வந்தவன் உள்ளே வரவில்லை. முகக்கவசமும் கவுனும் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றான். காத்திருக்கும் அறையில் யாரோ ஒரு நோயாளியின் உறவினர் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

"உள்ள வாடா."

"நா வந்தா இன்னும் ஜாஸ்தி ஆயிடுமாக்கா?"

எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவன் செல்கள் என்னை அடிக்கின்றன என்றால், அவன் பக்கத்தில் வந்தாலும் ஆபத்தோ என்று நினைத்துவிட்டான். அப்படி இல்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்துவிட்டார். அவரை வழிமறித்தான்.

"டாக்டர், நா குடுத்ததைத் திருப்பி எடுத்துக்க முடியாதா? இன்னா வேணா பண்ணுங்க. ஊசி எவ்ளோ வேணாலும் போட்டுக்கறேன்."

கதவு திறந்திருந்தது. நான் படுக்கையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டேன். பின்னால் இளம் டாக்டர்கள் கூட்டமாக நிற்க, அவர் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து, அவனையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"ஏழுமலை, கவனமா கேளுங்க. கீமோ குடுத்தும் புத்துநோய் செல் எங்கயாவது ஒன்னு ரெண்டு ஒளிஞ்சிருக்கலாம். அதைத் தேடிப்புடிச்சு அழிக்கறதே உங்க செல்தான். அதுக்குச் சண்ட போடத் தெரியணும். தெரியாத செல்லை வெச்சிருந்தா, நோய் திரும்ப வந்துடும். இப்ப ஆளு மாறி அக்காவையும் சேர்த்து அடிக்குது. அதை அடக்கறது என் வேலை. நீங்க குடுத்தது நல்ல செல். அதுல சந்தேகமே வேணாம்."

"அக்கா பொழைச்சுடுமா?"

"இப்ப சொல்ல முடியாது. ஸ்டீராய்டு கேக்கல. இன்னொரு மாத்திரை இருக்கு, இன்னைக்கு ஆரம்பிக்கறோம். கேக்கும்னு நம்பறேன். கேக்காமலும் போகலாம்."

"சரிங்க டாக்டர். நா இங்கியே இருக்கேன்" என்றான். எழுந்து உள்ளே வந்தான். என் கால் பக்கத்தில் நின்று, போர்வைக்கு மேல் பாதத்தைத் தொட்டான். தோல் உரிந்துகொண்டிருந்த பாதம். "வலிக்குதா?" என்றான். வலித்தது. இல்லை என்றேன்.

அன்றிலிருந்து அவன் ஊருக்குப் போகவில்லை. செல்வி தனியாகவே கடையைத் திறந்தாள். பௌர்ணமிக்கு மட்டும் தன் அண்ணனைத் துணைக்கு அழைத்துக்கொண்டாள். "நீ அங்கியே இரு, இங்க நா பாத்துக்கறேன்" என்று அவள் போனில் சொன்னது எனக்குக் கேட்கும். அவளைப் பற்றியும் நான் தனியாக எழுத வேண்டும். புது மாத்திரையின் விலையைக் கேட்டுச் சிவக்குமார் முகம் வெளுத்தது. அலுவலக நண்பர்களும் மருத்துவமனையின் உதவிப் பிரிவும் சேர்ந்து அதைச் சமாளித்தார்கள்.

அந்த மாத்திரை வேலை செய்வதற்கு முன்னால் ஒரு நாள் வயிற்றுப்போக்கில் இரத்தம் கலந்து வந்தது. மகளைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். ஏன் கேட்கிறேன் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் மறுக்கவில்லை. யாழினி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றாள். எட்டாம் வகுப்புப் பிள்ளை, பள்ளிக்கூடத்திலிருந்து நேராக அழைத்து வந்திருந்ததால் சீருடையில் இருந்தாள். போனை எடுத்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொண்டாள். பிறகு சமாளித்துக்கொண்டு, "அம்மா, சயின்ஸ்ல ரத்தம்தான் பாடம். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எல்லாம் நானே கிளாஸ்ல எழுந்து சொன்னேன். மிஸ் எப்டித் தெரியும்னு கேட்டாங்க" என்றாள்.

"இன்னா சொன்ன?"

"எங்க அம்மாவுது எங்க மாமா ரத்தம்னு சொன்னேன். யாரும் நம்பல. நீ வந்து சொல்லணும்."

நான் வந்து சொல்கிறேன் என்றேன். அதைச் சொல்லிவிட்ட பிறகு சாவதற்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

மாத்திரை கேட்டது. ஒரே நாளில் நடந்துவிடவில்லை. அளவுப் பாத்திரத்தில் கொஞ்சம் குறைந்தது, மறுபடி கூடியது, மறுபடி குறைந்தது. அதற்குள் இரத்தத்தில் ஒரு வைரஸ் கிருமி தலைகாட்ட, அதற்கும் மருந்து ஏற்றினார்கள். எதிர்ப்புச் சக்தியை அடக்கினால் கிருமி வரும், அடக்காவிட்டால் குடல் போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் டாக்டரம்மா தினமும் மருந்தின் அளவைக் கூட்டியும் குறைத்தும் என்னை நடத்திக் கொண்டுபோனார். அவருக்கும் தெரியாத நாட்கள் இருந்தன. அந்த நாட்களில் "தெரியல, நாளைக்குப் பாக்கலாம்" என்றே சொன்னார். அந்த வார்த்தையில் எனக்கு நம்பிக்கை இருந்தது.

முதலில் வடித்த கஞ்சித் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்கள். அன்றிலிருந்து வாடகை அறையின் அடுப்பு ஏழுமலை கைக்குப் போனது. உணவு ஆலோசகரிடம் போய் உட்கார்ந்து அவன் கேட்ட கேள்விகள் அந்தப் பெண்ணுக்கே புதிது.

"கறிவேப்பிலை தாளிக்கலாமா மேடம்?"

"கொதிக்கும்போது போடுங்க. மேல தூவாதீங்க. காரம், நெய், பால் இப்ப எதுவுமே வேணாம்."

"காரம் இல்லாம நா சமைச்சதே இல்லியே" என்றானாம். கை விரல் மோதிரத்தையும் மணிக்கட்டில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றையும் கழற்றினான். நகத்தை ஒட்ட வெட்டினான். கரண்டி, தம்ளர் எல்லாவற்றையும் கொதிநீரில் போட்டு எடுத்தான். அரிசியை வேகவைத்து, மசித்து, வடிகட்டி, சூடு ஆறுவதற்குள் மருத்துவமனைக்குக் கொண்டுவந்துவிடுவான். உப்பு மட்டும்தான் சேர்க்கலாம். அந்த உப்பை அவன் எவ்வளவு அளந்து போட்டான் என்று சாப்பிட்ட எனக்குத்தான் தெரியும். ஊரே தேடி வந்து காரச் சட்னி கேட்கும் ஆள், நான் ஒரு தம்ளர் கஞ்சியைக் கீழே வைக்காமல் குடித்ததற்குச் சிவக்குமாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

ஸ்டீராய்டு உயிரைக் காப்பாற்றும். வேறு சிலவற்றை எடுத்துக்கொள்ளும். முகம் பூசணி போல உப்பியது. சர்க்கரை ஏறியது. தொடைச் சதை கரைந்து, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாமல் போனது. காரணமில்லாமல் கோபம் வந்தது. தம்ளரைத் தப்பான பக்கம் வைத்துவிட்டார் என்று சிவக்குமாரைக் கத்தித் தீர்த்தேன். அவர் தம்ளரை எடுத்து இந்தப் பக்கம் வைத்தார். "மருந்து பேசுது" என்பார். ஏழுமலையோ என்னை நாற்காலியில் உட்கார வைத்து எழுந்திருக்கச் சொல்வான். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்ததை அவன் விடவே இல்லை. "கையை ஊனாம எந்திரிக்கா. இன்னொரு தபா." நான் திட்டுவேன். "திட்டிக்கினே எந்திரி" என்பான்.

ஊருக்கு வந்தோம். வந்த மறுநாளே பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கிருமித் தொற்று வந்தால் ஆபத்து, கூட்டம் கூடாது, பூவும் மண் ஒட்டிய எதுவும் உள்ளே வரக்கூடாது என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஏழுமலை காலையில் கடை வேலையை முடித்துவிட்டு வந்து எங்கள் கேட்டில் நின்றுவிடுவான். முதல் நாளே மாட்டியவர் என் மாமியார். நாங்கள் வருவதற்கு முன் வீட்டைச் சுத்தம் செய்ய வேண்டுமென்று அவரைக் கொஞ்ச நாள் என் நாத்தனார் வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தோம். அங்கே அவருக்குச் சளி பிடித்திருந்தது. கோவில் மாலை, விபூதி எல்லாம் கையில் வைத்திருந்தார்.

"அத்தே, மாலையை வெளியவே வெச்சுடுங்க. அக்காவை ஜன்னல்ல பாருங்க."

"எம் புள்ள வீட்டுக்குள்ள நா வரக்கூடாதுன்னு சொல்ல நீ யாருடா?"

"காவலுக்கு நிக்கறேன் அத்தே. சளி போகட்டும், நானே வந்து இட்டுனு வரேன்."

அவர் கோபத்தோடு ஜன்னலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கோபம் போய்விட்டது. ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்குள் வந்த பிறகு ஏழுமலைக்குக் கேட்டில் வேலையே இல்லாமல் போனது. "கையைக் கழுவினியா? இருமல் இருக்கா? அப்போ அங்கியே நில்லு" என்று சொந்த அண்ணனையே அவர் திருப்பி அனுப்பினார்.

ஜி.வி.ஹெச்.டி. இரண்டாம் முறை வேறு முகத்தோடு வந்தது. டாக்டரம்மா முன்பே எச்சரித்திருந்தார். மெல்ல வந்து நெடுநாள் தங்கும் வகை இது. கன்னத்தின் உட்புறம் வெள்ளை வலை பின்னியது போல ஆனது. மிளகு பட்டால்கூட எரிந்தது. பற்பசை எரிந்ததால் குழந்தைகளுக்கானதை வாங்கினோம். கண்ணீர் வற்றிக் கண்ணில் மணல் போட்டது போல உறுத்தியது. இப்போதும் சொட்டு மருந்து பையிலேயே இருக்கும். வெயில் பட்டால் தோலில் தடிப்பு மறுபடி கிளம்பும் என்பதால் பஸ் ஸ்டாப் வரைக்கும் குடை. சின்ன வயதில் போட்ட தடுப்பூசியெல்லாம் பழைய மஜ்ஜையோடு போய்விட்டதால், கைக்குழந்தைக்குப் போடுவதை முதலிலிருந்து போட்டார்கள். யாழினி அந்த அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு பௌர்ணமியன்று மத்தியானம் எனக்குக் குளிர் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் என்றால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லப்பட்ட முதல் விதி. சிவக்குமார் வேலையாக விழுப்புரம் போயிருந்தார். ஊருக்குள் வண்டிகளை விடாமல் ரோடுகளை மூடத் தொடங்கியிருந்தார்கள். மாமியார் ஏழுமலைக்குப் போன் செய்தார். மாதத்திலேயே பெரிய வியாபாரத்துக்கு அவன் அடுப்பு மூட்டியிருந்த நேரம். செல்வியிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டுக் காரைக் கேட்டு வாங்கி, கிராமத்து வழிகளில் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான். டாக்டரம்மா போனில் சொன்னபடி இங்கேயே ஒரு மருத்துவமனையில் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு சென்னைக்குக் கிளம்பினோம். வழிநெடுகக் கிரிவலத்துக்கு வரும் பஸ்கள் எதிரே வந்துகொண்டிருந்தன. நான் பின்சீட்டில் நடுங்கிக்கொண்டிருந்தேன். அவன் என்னைப் பேச்சிலேயே வைத்திருந்தான். தூங்கிவிடுவேனோ என்ற பயம் அவனுக்கு. நுரையீரலில் தொற்று. சரியான நேரத்தில் வந்தீர்கள் என்றார்கள்.

இப்போது மாத்திரைகள் பாதிக்குமேல் குறைந்துவிட்டன. மஜ்ஜைப் பரிசோதனையில் புற்றுநோய் இல்லை. அலுவலகத்துக்குப் போகிறேன், முகக்கவசத்தோடு. யாழினியின் பள்ளிக்கூடத்துக்கும் போனேன். அவளுடைய அறிவியல் ஆசிரியையிடம் என் இரத்தம் யாருடையது என்று சொன்னேன்.

சென்ற மாதம் பரிசோதனைக்குப் போயிருந்தோம். எப்போதும் போல ஏழுமலை கூட வந்தான். காத்திருக்கும் அறையில் எங்களுக்கு எதிரே சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர் இருந்தார். உள்ளங்கையும் காதும் சிவந்திருந்தன. அவரைப் பரிசோதனைக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போனதும், பக்கத்திலிருந்த பெண் துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கல்லூரி வயதுதான் இருக்கும். ஏழுமலை எழுந்துபோய் ஒரு இருக்கை தள்ளி உட்கார்ந்தான்.

"அப்பாவாம்மா?"

தலையாட்டினாள். "நான்தான் செல் குடுத்தேன். என்னாலதான் இப்டி ஆயிடுச்சு."

"அப்டின்னு யார் சொன்னா?"

ஏழுமலை என்னைக் காட்டினான்.

"அங்க உக்காந்திருக்காங்க பாரு, எங்க அக்கா. உங்க அப்பாவை விட மோசமா கெடந்தாங்க. என் செல்லுதான் அடிச்சுது. நானும் உன்ன மாதிரி வாசல்லியே நின்னு அழுதேன். எல்லாருக்கும் ஒரே மாதிரி ஆகும்னு நா சொல்ல மாட்டேன். ஆனா நீ குடுத்தது நல்ல செல். அடக்கறதுக்கு மருந்து கீது. அதை டாக்டர் பாத்துப்பாங்க. நீ அப்பா பக்கத்துல இரு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கையை உயர்த்தி ஆட்டினேன்.

"காலைல இன்னா சாப்ட்ட?" என்று ஏழுமலை கேட்டான்.

"ஒன்னும் சாப்புடல அண்ணா."

"வா. அப்பா வர்றதுக்குள்ள ரெண்டு இட்லி சாப்ட்டு வந்துடலாம்."

என்னைத் திரும்பிப் பார்த்தான். போய் வா என்று தலையசைத்தேன். இருவரும் கேன்டீன் பக்கம் நடந்தார்கள். அவர்கள் போன சற்று நேரத்தில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். இத்தனை காலத்தில் முதல்முறையாக நான் தனியாக அந்த அறைக்குள் போனேன்.

டாக்டரம்மா என் பின்னால் எட்டிப் பார்த்தார். "தம்பி எங்கம்மா இன்னைக்கு?"

"வெளிய ஒரு பொண்ணு அழுதுட்டு இருந்துச்சு டாக்டர். அப்பாவுக்குச் செல் குடுத்த பொண்ணு. சாப்புட வைக்கக் கூட்டினு போயிருக்கான்."

டாக்டரம்மா, "சரி, அவர் வேலையை அவர் பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டார். நான் முகக்கவசத்தை இறக்கி வாயைத் திறந்தேன்.